ஒன்பது மாத வண்டிக்கு ஒரு கிளட்ச்

கொல்கத்தாவின் பழுதுநீக்கும் தொழில் குறித்த என் ஆய்வு எந்த அளவில் இருக்கிறது என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். கள ஆய்வில் கிடைத்த ஓர் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். ஆய்வேட்டில் இது ஒரு அடிக்குறிப்பாகத்தான் இடம்பெறும். ஆனால் இந்த ஆய்வில் நான் கற்றதில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. சற்று நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்கத்தாவின் பார்க் தெரு ஆய்வு மாணவர்களுக்கு நன்கு பழகிய தெரு. அதன் மேற்கு முனையில் ஆசியக் கழகம் இருக்கிறது. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் தொடங்கிய அந்தக் கழகத்தின் நூலகத்தில்தான் என் காலைப்பொழுதுகள் கழிந்தன. அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் ஜோன்ஸ் அடங்கியிருக்கும் பழைய கல்லறைத் தோட்டம் வரும். அதைத் தாண்டி, ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை குறுக்கிடும் இடத்தில் தொடங்குகிறது மல்லிக் பஜார். நம் சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி இந்த நகரத்துக்கு மல்லிக் பஜார். கழற்றிய எஞ்சின்களும் கதவுகளும் அச்சுகளும் கண்ணாடிகளும் நடைபாதைவரை வழிந்து கிடக்கும். மேற்கு முனையில் நூல்களுக்கு அட்டவணை உண்டு. கிழக்கில் அட்டவணை கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. எந்த ஆண்டு வண்டியின் எந்தப் பாகம் எந்தக் குவியலின் அடியில் கிடக்கிறது என்பதை அவர் எழுந்து பார்க்காமலே சொல்வார்.

இந்தச் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை அம்பாசடரின் பாகங்கள். அதற்குக் காரணம் தொலைவில் இல்லை. ஹவுராவிலிருந்து பண்டேல் போகும் மின்ரயிலில் ஏறினால் உத்தரபாராவை அடுத்து 'ஹிந்த் மோட்டார்' என்றே ஒரு நிலையம் வரும். 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் இந்த ஹூக்ளிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் இங்கே உருவானதுதான் அம்பாசடர். முன்முகமும் விளக்குகளும் எஞ்சினும் இடையிடையே மாறினாலும், அதன் கூடு ஏறத்தாழ மாறாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஆலையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

ஆலை நின்ற பிறகும் வண்டிகள் ஓடின. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகளாக அவை ஆயிரக்கணக்கில் ஓடின. அவற்றின் முடிவைக் குறித்தது வேறொரு நாள்காட்டி. காற்று மாசு தொடர்பான வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்கள் மாநகரப் பகுதியில் ஓடத் தடை வந்தது. எனவே ஒவ்வொரு மஞ்சள் டாக்ஸிக்கும் பதிவுச் சான்றிதழிலேயே இறுதி நாள் அடங்கியிருக்கிறது. 2014இல் வெளிவந்த கடைசி வண்டிக்கும் 2029இல் 15 ஆண்டு நிறைந்துவிடும். இந்த நகரத்தின் காற்றைச் சுவாசிப்பவன் என்ற முறையில் அந்த விதியை என்னால் குறைகூற முடியாது. குளிர்காலக் காலைகளில் கொல்கத்தாவின் வானம் எந்த நிறத்தில் இருக்கும் என்பது இங்கு வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் விதி ஒரு வண்டியை முழுமையாக ஒரே பொருளாகப் பார்க்கிறது. பட்டறை அப்படிப் பார்ப்பதில்லை. அந்த வேறுபாட்டை எனக்குக் காட்டியது ஒரு கிளட்ச்.

நான் குறிப்பெடுத்துவந்த பட்டறை மல்லிக் பஜாரின் உட்சந்து ஒன்றில் இருக்கிறது. பட்டறை என்றால் கூரை வேய்ந்த ஒரு திண்ணை, ஒரு மரப்பெட்டி நிறையக் கருவிகள், வெளியே ஒரு வண்டி நிற்கும் இடம், அவ்வளவே. அதன் தலைவரை எல்லோரும் உஸ்தாத் என்றே அழைக்கிறார்கள். எழுபதை நெருங்கும் வயது. பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக அதே சந்துக்கு வந்தவர். என்னைப் பொதுவாக 'புரொபசர் சாப்' என்பார். நான் இன்னும் பேராசிரியன் ஆகவில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாளில் மஞ்சள் டாக்ஸி ஒன்று அங்கே வந்து நின்றது. ஓட்டிவந்தவர் பீகாரைச் சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகளாகக் கொல்கத்தாவில் டாக்ஸி ஓட்டுகிறார். வயது அறுபத்தொன்று. அந்த வண்டி அவருக்கே சொந்தம். அதற்கு 15 ஆண்டு நிறைய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. குறைகள் இரண்டு. சியால்தா மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இரைகிறது, வண்டி முன்னேற மறுக்கிறது. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது பற்கள் கரகரக்கின்றன.

உஸ்தாத் வண்டியை உடனே தூக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நான்காம் கியரில் போட்டுக் கிளட்சை விடச் சொன்னார். நல்ல கிளட்ச் என்றால் அந்த நொடியில் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை. தேய்ந்த குரலில் ஓடிக்கொண்டே இருந்தது. கருகிய வாடை எழுந்தது. அடுத்து நியூட்ரலில் விட்டு, நீண்ட திருப்புளியின் நுனியைக் கியர் பாக்ஸின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கிளட்சை மிதித்தால் ஓசை நிற்கிறதா, மிதித்தால்தான் ஓசை எழுகிறதா என்பதே அவர் கேட்ட கேள்வி. மிதித்தவுடன் நிற்கும் ஓசை கியர் பாக்ஸுக்குள் இருக்கும் தண்டின் பேரிங்கைச் சுட்டும். மிதிக்கும்போது மட்டும் எழும் ஓசை ரிலீஸ் பேரிங்கைச் சுட்டும். இந்த வண்டியில் இரண்டாவது. ஐந்து நிமிடத்தில், ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

வண்டியியல் அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். எஞ்சின் ஓடும்போது அதன் பின்முனையில் ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழல்கிறது. கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டின் முனையில் கிளட்ச் பிளேட் அமர்ந்திருக்கிறது. பிரஷர் பிளேட் தன் வில்லின் விசையால் அந்தத் தட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும்போது இரண்டும் ஒன்றாகச் சுழலும், வண்டி நகரும். மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் அந்த வில்லைத் தள்ளிப் பிடியைத் தளர்த்துகிறது. எஞ்சின் தன்போக்கில் ஓட, கியரை மாற்றிக்கொள்ளலாம். தமிழில் இதற்கு 'உரசிணைப்பி' என்று ஒரு கலைச்சொல் உண்டு. எந்தப் பட்டறையிலும் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஆக்கியவர் இந்தப் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். உரசுவதன் மூலமே இணைப்பது, இணைக்கும் ஒவ்வொரு முறையும் சற்றே தேய்வது. தேயாத கிளட்ச் என்று ஒன்று இருக்க முடியாது. வண்டி அதிராமல் புறப்படுவதற்காக அந்தத் தட்டு தன்னைச் செலவழித்துக்கொள்கிறது.

என் தந்தை கும்பகோணத்தில் வாடகை அம்பாசடர் ஓட்டியவர். திருநாகேசுவரமும் சுவாமிமலையும் போகிற யாத்திரிகர்களே அவருடைய சவாரி. கிளட்ச் மிதியின் மேல் பாதத்தைத் தேவையின்றி வைத்திருக்கும் ஓட்டுநரைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "ஏறி நின்னுக்கிட்டா அது எப்படிப் பிடிக்கும்?" என்பார். கொல்கத்தாவில் எந்த ஓட்டுநரும் அப்படி ஓட்டாமல் இருக்க முடியாது. சிக்னலுக்குச் சிக்னல், டிராம் தண்டவாளத்தில் ஊர்ந்து, ஹவுரா பாலத்தின் ஏற்றத்தில் அரைக் கிளட்சில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். மழைக்காலத்தில் தண்டனியா, ஆம்ஹர்ஸ்ட் தெருப் பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது சேறு கலந்த நீர் கிளட்ச் கூட்டுக்குள் புகுந்துவிடும். ஒரு வண்டி எந்த ஊரில் ஓடியது என்பதை அதன் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று உஸ்தாத் சொல்வார். நகர வரலாற்றுக்கு அதுவும் ஓர் ஆவணம்தான்.

கிளட்ச் வேலையில் பாகத்தின் விலையைவிட உழைப்பே பெரிது. தட்டைத் தொட வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். வண்டியை ஜாக்கி கொடுத்து உயர்த்தி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டைக் கழற்றினார்கள். கழற்றுமுன் அதன் இரு விளிம்புகளிலும் உளியால் ஒரு சிறு கோடு போட்டார் உஸ்தாத், திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் பூட்டுவதற்காக. கியர் கம்பிகள், மைல்மீட்டர் கேபிள், தாங்குசட்டம், கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாக விடுபட்டன. எஞ்சினின் பின்பகுதி தொங்கிவிடாமல் அடியில் கட்டை கொடுத்தார்கள். பிறகு இரண்டு பையன்கள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, பெட்டியைத் தங்கள் மார்பில் வாங்கி, மெல்லப் பின்னுக்கு இழுத்து இறக்கினார்கள். கனரகப் பட்டறைகளில் இதற்கென்று தனி ஜாக்கி உண்டு. இங்கே மனித மார்புதான் ஜாக்கி. இதை வியப்போடு எழுதுவதா, வெட்கத்தோடு எழுதுவதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தப் பையன்களில் ஒருவனுக்குப் பத்தொன்பது வயது.

கூட்டுக்குள் கரும்பொடி படிந்திருந்தது. இளையவன் அதை வாயால் ஊதப் போனபோது உஸ்தாத் அதட்டி, ஈரத்துணியைக் கையில் கொடுத்தார். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தம்மோடு வேலை பழகியவர்களில் இருமி இருமியே போனவர்கள் உண்டு என்றார். அவர்களுடைய மரணத்துக்கும் தூசுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் சோதித்ததில்லை. ஆனால் ஈரத்துணி அந்தப் பட்டறையின் சட்டமாகிவிட்டது.

தட்டைக் கழற்றிக் கையில் எடுத்து, லைனிங்கின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓடவிட்டார். லைனிங்கைத் தட்டோடு பிணைக்கும் ரிவெட்டுகளின் தலை, நல்ல தட்டில் குழிக்குள் ஆழ்ந்திருக்கும். நகம் அந்தக் குழியில் தடுக்க வேண்டும். இங்கே தடுக்கவே இல்லை. சில இடங்களில் ரிவெட்டே ஃபிளைவீலை உரசி வட்டமாகக் கீறியிருந்தது. பொதுவாகக் கையேடுகள் இந்தக் குழியின் ஆழம் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் தட்டை மாற்றச் சொல்கின்றன. உஸ்தாத்துக்குக் கையேடு தெரியாது. நகம் தடுக்கும் எல்லையும் கையேட்டின் எல்லையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

அடுத்துக் கியர் பாக்ஸைத் திறந்தார்கள். கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் வண்டிகளில் ஒத்தியக்க வளையங்கள் வரும்வரை, இரண்டு முறை கிளட்ச் மிதித்து, காதால் வேகத்தை அளந்து, ஓட்டுநரே இதைச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையை இப்போது கூம்பு வடிவான ஒரு பித்தளை வளையம் செய்கிறது. பற்கள் சேருமுன் வளையம் கூம்பைப் பற்றி, வேகத்தைச் சமன் செய்துவிடும். எண்ணிப் பார்த்தால் இதுவும் ஒரு சின்னஞ்சிறு கிளட்ச்தான். இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்ததே அந்தக் கரகரப்புக்குக் காரணம்.

இங்கே நான் கண்ட ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உஸ்தாத் வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்தி, வளையத்துக்கும் கியர் பற்களுக்கும் நடுவே ஒரு பழைய ஹேக்சா பிளேடை நுழைக்க முயன்றார். நுழையவில்லை. "போய்விட்டது" என்று வளையத்தை ஒதுக்கினார். 'கைப்பழக்கம்', 'அனுபவ அறிவு' என்றெல்லாம் நாம் இத்தகையவர்களைப் பற்றி எழுதுகிறோம். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தச் சொற்கள் அவர்களுடைய அறிவை ஏதோ விளக்க முடியாத மாயமாக்கிவிடுகின்றன. அந்தப் பிளேடை இரவல் வாங்கிப் போய் நுண்ணளவியால் அளந்தேன். 0.65 மில்லிமீட்டர். பல வண்டிகளின் கையேடுகள் இந்த இடைவெளிக்கு வைக்கும் கீழெல்லை அந்த அளவை ஒட்டியே வருகிறது. அவர் செய்தது மாயமில்லை, அளவீடு. கருவி கடையில் வாங்கியதில்லை என்பதுதான் வேறுபாடு. யார் முதலில் அந்தப் பிளேடைத் தேர்ந்தார்கள் என்று கேட்டேன். தம் உஸ்தாத் அப்படித்தான் செய்தார் என்றார்.

இவ்வளவும் கண்ட பிறகு ஓட்டுநரை அழைத்து உஸ்தாத் மூன்று வழிகளைச் சொன்னார். பழைய தட்டுக்கே புதிய லைனிங் ரிவெட் அடிப்பது முதல் வழி. செலவு குறைவு, ஆனால் தட்டின் நடுவிலுள்ள வில்கள் தளர்ந்திருப்பதால் எத்தனை நாள் தாங்கும் என்று உறுதி இல்லை. சந்தையில் பழைய செட் ஒன்றை வாங்கிப் பூட்டுவது இரண்டாவது. புதிய தட்டும் ரிலீஸ் பேரிங்கும் போட்டு, ஃபிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீராக்கி, வளையத்தையும் மாற்றுவது மூன்றாவது.

ஓட்டுநர் உடனே பதில் சொல்லவில்லை. ஊரிலிருக்கும் மகனுக்குத் தொலைபேசினார். மகன் நான்காவது வழியைச் சொன்னான். வண்டியை இன்றே பழைய இரும்புக்கு விற்றுவிடுங்கள். இன்று விற்றாலும் ஒன்பது மாதம் கழித்து விற்றாலும் இரும்பு வியாபாரி தரும் பணம் ஏறத்தாழ ஒன்றுதான். நடுவில் எதற்குச் செலவு? ஊருக்கு வந்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் பேசியதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சந்தில் யாரும் எதுவும் பேசவில்லை. கணக்கில் பிழை இல்லை என்பது அனைவருக்கும் தெரிந்தது. மூன்றாம் வழிக்கு ஆகும் செலவை ஈடுகட்ட அவர் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். செயலிவழி டாக்ஸிகள் பெருகிய பிறகு மஞ்சள் டாக்ஸிக்குச் சவாரியும் குறைவு.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். "பையன் கணக்கு சரிதான் உஸ்தாத். ஆனால் நான் ஊருக்குப் போகிற நாளை நான் சொல்லவேண்டும். சர்க்கார் சொன்னால்கூடச் சரி. கிளட்ச் பிளேட் சொல்லக்கூடாது" என்றார்.

உஸ்தாத் தலையசைத்தார். பிறகு அவர் சொன்னதுதான் என் ஆய்வின் போக்கையே மாற்றியது. "புதுசே போடு பய்யா. பேரிங்கும் மாற்றிவிடு. இரண்டாம் முறை பெட்டியை இறக்கினால் அதுதான் நஷ்டம். ஒன்பது மாதம் கழித்து வண்டியை இரும்புக்குக் கொடுக்குமுன் இங்கே கொண்டுவா. பேரிங்கையும் பிரஷர் பிளேட்டையும் நான் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். அம்பாசடர் வைத்திருக்கிற பழைய பாபுக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் ஐந்து வருடம் ஓடும்."

ஒரு வண்டிக்கு ஒரு வயது என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். சட்டமும் அப்படித்தான் எண்ணுகிறது. பட்டறையின் கணக்கில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயது. அந்த டாக்ஸியின் கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்தது. அன்று அதில் ஏறிய பித்தளை வளையம், ஏற்கெனவே ஆயுள் முடிந்து உடைக்கப்பட்ட இன்னொரு டாக்ஸியின் பெட்டியிலிருந்து எடுத்தது. குவியலில் நான்கு வளையங்களைப் பொறுக்கி, அதே ஹேக்சா பிளேடால் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தார்கள். புதிய கிளட்ச் பிளேட்டை எடுத்தபோது அதன் பெட்டியில் லைனிங் தயாரான ஊர் சென்னை என்று அச்சிட்டிருந்தது. அம்பத்தூர்ப் பக்கம் உருவான ஒன்று, கங்கைக் கரையில் பிறந்து மாரிஸின் சாயலில் வளர்ந்த வண்டிக்குள் ஒன்பது மாதம் வாழப் போகிறது. தொழில்நுட்ப வரலாறு என்பது புதுமைகளின் வரலாறு மட்டுமில்லை, பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறும்கூட என்று டேவிட் எட்கர்ட்டன் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூலில் வாதிடுகிறார். அந்த வாதத்தை நான் நூலகத்தில் படித்து ஒப்புக்கொண்டிருந்தேன். அது எப்படி இயங்குகிறது என்பதைச் சந்தில்தான் பார்த்தேன்.

பூட்டும் வேலை மறுநாள் நடந்தது. புதிய தட்டைப் பொருத்தும்போது அதன் மையம் ஃபிளைவீலின் மையத்தோடு நேராக நிற்க வேண்டும். ஓர் இழை விலகினாலும் கியர் பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. இதற்காக அவரிடம் ஒரு கருவி இருக்கிறது. எப்போதோ உடைந்த கியர் பாக்ஸின் தண்டை முன்பாதியோடு அறுத்து வைத்திருக்கிறார். அதைத் தட்டின் வழியே நுழைத்து மையம் பார்த்து, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினார். ஒரே பக்கம் முடுக்கினால் தட்டு கோணிவிடும். தண்டின் பள்ளங்களில் மிகச் சிறிதளவே கிரீஸ் தடவினார். கூடினால் அது தெறித்து லைனிங்கில் படியும், புதுக் கிளட்சும் வழுக்கும். லைனிங்கை யாரும் விரலால் தொடக்கூடாது என்றார். பையன்கள் மீண்டும் மல்லாந்து படுத்தார்கள். பெட்டி மேலேறியது. முன்பு போட்ட உளிக்கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தின.

நான்காம் கியரில், கைப்பிரேக் இழுத்த நிலையில், கிளட்சை விட்டார்கள். எஞ்சின் ஒரு முறை உலுக்கிவிட்டு நின்றது. வண்டி நிற்பதைக் கண்டு ஐந்து பேர் மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன். முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு, லைனிங் உட்காரட்டும் என்று சொல்லி அனுப்பினார் உஸ்தாத்.

மாலையில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். வண்டிக்கு 15 ஆண்டு. பேரிங் இன்னும் ஐந்து ஆண்டு ஓடும். உங்களுக்குத் தெரிந்தது எத்தனை ஆண்டு ஓடும்? அவர் பத்தொன்பது வயதுப் பையனைக் காட்டினார். அவன் அடுத்த மாதம் உணவு விநியோக வேலைக்குப் போகிறான். மாதச் சம்பளம் இல்லாவிட்டாலும் தினமும் பணம் கைக்கு வரும், மார்பில் பெட்டி தாங்க வேண்டியதில்லை. "நான் தடுக்கவில்லை. அவன் மின்சார வண்டி வேலை கற்றுக்கொள்ளட்டும். அதில் கிளட்சே இல்லையாமே?" என்றார். ஆம், பெரும்பாலான மின்சாரக் கார்களில் கிளட்ச் மிதி இல்லை, மாற்றுவதற்குக் கியர்களும் இல்லை. அதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. தேய்வதற்கு ஒன்று குறைந்தால் நல்லதுதானே என்ற தொனியில் சொன்னார்.

இவற்றையெல்லாம் இழப்பின் புலம்பலாக எழுத எனக்கு விருப்பமில்லை. மார்பில் கியர் பாக்ஸைத் தாங்கும் வேலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். கல்நார்த் தூசும் வேண்டாம், கரும்புகையும் வேண்டாம். ஆனால் வண்டி போகலாம் என்பதும் அதைப் பேணியவர்களின் அறிவு பதிவின்றிப் போகலாம் என்பதும் ஒன்றல்ல. பாகங்களுக்கு மல்லிக் பஜார் இருக்கிறது, ஒரு வண்டி இறந்தாலும் அதன் வளையம் இன்னொன்றில் ஓடும். ஒரு மனிதருக்குத் தெரிந்ததைக் கழற்றி இன்னொருவரிடம் பூட்டப் பல ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாதபோது குறைந்தது எழுதியாவது வைக்க வேண்டும். நகத்தின் தடுப்பு எத்தனை மில்லிமீட்டர், பிளேடின் கனம் எவ்வளவு, எந்த ஓசை எதைச் சுட்டும் என்று அளவோடு எழுத வேண்டும். பாராட்டுரையாக எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. அடுத்து ஒரு பழைய பெட்டியைத் திறப்பவருக்கு உதவும்படி எழுத வேண்டும்.

அந்தப் பணியைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பத்திரண்டு சோதனைமுறைகளைப் பதிவுசெய்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் இந்தியிலும் வங்காளத்திலும் உஸ்தாத்துக்குப் படித்துக் காட்டித் திருத்தம் வாங்குகிறேன். அவர் திருத்தும்போது காட்டும் கண்டிப்பை என் நெறியாளரிடம்கூட நான் கண்டதில்லை. புதுப்பேட்டையிலோ, கோவையிலோ, உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டறையிலோ இத்தகைய ஒருவர் இருந்தால், அடுத்த முறை வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாமல் அரை மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எதை எதால் அளக்கிறார் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள்.

இதை எழுதும் இன்று அந்த டாக்ஸிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போன வாரம் ரவீந்திர சதன் அருகே கண்டேன். சிக்னல் விழுந்ததும் அதிராமல் புறப்பட்டுப் போனது.